கேட்கிற லஞ்சமும் கேட்காத லஞ்சமும்: சேலத்தில் எந்தக் கதவைத் தட்டுவது?

அயோத்தியாப்பட்டணம் பக்கம் அப்பாவின் நிலத்தை அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். உட்பிரிவுக் கட்டணத்தைப் பத்திர ஆபீஸிலேயே கட்டியாயிற்று. இனி சர்வேயர் வந்து அளக்க வேண்டும், உட்பிரிவு எண் போட வேண்டும், தாலுகா ஆபீஸில் ஒப்புதல் ஆக வேண்டும். சர்வேயர் வரவில்லை. போன் போட்டால், "வேலை ஜாஸ்திங்க, பாத்துக்கலாம்" என்கிறார். அடுத்த மாதமும் அதே பதில். அவர் ஒரு பைசா கேட்கவில்லை. ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் நிற்கும் புரோக்கர்தான், "இப்படி போன் பண்ணிட்டிருந்தா ஆகாதுங்க" என்று ஆரம்பித்து ஒரு தொகையில் வந்து நிற்கிறார்.

இப்படி மாட்டிக்கொண்டவருக்கு வழிகள் குறைவில்லை. கொடுத்துத் தொலைப்பது ஒன்று. லஞ்ச ஒழிப்புத் துறை, தகவல் உரிமை மனு, கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு, ஜமாபந்தி, லோக் ஆயுக்தா, ஹைகோர்ட் என்று சட்டம் திறந்துவைத்திருக்கும் கதவுகள் இன்னொரு பக்கம். ஏற்காட்டு மலைக்கிராமம் என்றால் கிராம சபையும் சேர்ந்துகொள்ளும்.

இவற்றில் எதை எடுப்பது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வாய் திறந்து கேட்டார்களா, கேட்காமல் இழுக்கிறார்களா? இந்தப் பதிலைப் பொறுத்து வழி அடியோடு மாறுகிறது. கேட்காத அதிகாரியைக் கையும் களவுமாகப் பிடிக்கப் பொறி வைக்கச் சொல்லி அலைபவர்களையும், பட்டென்று தொகை சொன்ன அதிகாரி மேல் மாதக்கணக்கில் மனு எழுதிக்கொண்டிருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருமே கடைசியில் "எங்கே போனாலும் ஒண்ணும் நடக்காது" என்று சொல்லிவிட்டுப் புரோக்கரிடம் போகிறார்கள்.

கொடுத்துவிட்டால் என்ன?

ஒப்பீடு என்று உட்கார்ந்த பிறகு இதை விட்டுவிட்டுப் பேசுவது போலித்தனம். ஊரில் பாதிப் பேர் எடுப்பது இந்த வழியைத்தான், அதில் ஒரு கணக்கும் இருக்கிறது. அம்மாபேட்டையில் தறி ஓட்டுபவரோ சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறையில் உட்காருபவரோ ஒரு நாள் தாலுகா ஆபீஸில் காத்திருந்தால் அன்றைய கூலி போயிற்று. ஐந்தாறு முறை அலைந்தால் புரோக்கர் சொன்ன தொகையில் பெரும்பகுதி அப்படியே கரைந்துவிடும். அவரைப் பார்த்து நேர்மை பற்றிப் பாடம் எடுக்க எனக்கு வாய் வராது.

ஆனால் அந்தக் கணக்கில் இரண்டு விஷயம் விட்டுப்போகிறது. முதலாவது சட்டம். 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018இல் திருத்தியபோது லஞ்சம் கொடுப்பதையும் நேரடிக் குற்றமாக்கிவிட்டார்கள். 8ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால், கொடுத்த 7 நாட்களுக்குள் போலீஸிலோ விசாரணை அமைப்பிலோ சொன்னால் மட்டுமே பாதுகாப்பு. "முதல்ல கொடுத்து வேலையை முடிச்சிக்குவோம், அப்புறம் மாட்டிவிடுவோம்" என்று டீக்கடையில் திட்டம் போடுபவர்களுக்கு இந்த ஏழு நாள் கணக்கு தெரிவதில்லை. எட்டாம் நாள் புகாரோடு போகிறவர் தன்மேலேயே வழக்கை இழுத்துவிட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, புரோக்கரிடம் கொடுத்த பணம் எங்கே போயிற்று என்பதற்கு எந்தச் சாட்சியும் கிடையாது. கோப்பு நேற்றே ஆன்லைனில் ஒப்புதல் ஆகியிருக்கும். அதைத் தன் போனில் பார்த்துவிட்டு, இன்றைக்கு "பேசி முடிச்சாச்சுங்க" என்று காசு வாங்கும் ஆட்கள் உண்டு. உட்பிரிவு இல்லாத சாதாரணப் பட்டா மாறுதலில் பத்திரப் பதிவு முடிந்ததும் கணினியே பெயரை மாற்றிவிடும் ஏற்பாடு வந்துவிட்டது. அதற்குக்கூடக் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே எந்த வழியில் போவதாக இருந்தாலும், முதல் வேலையாக விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

கேட்டிருந்தால்: 1064

அதிகாரி வாய் திறந்து தொகை சொல்லியிருந்தால், என்னைக் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறைதான் முதல் கதவு. கே.சந்தானம் தலைமையிலான குழு ஊழல் தடுப்பு பற்றி மத்திய அரசுக்கு அறிக்கை கொடுத்து, மத்திய விஜிலன்ஸ் கமிஷன் உருவான 1964ஆம் ஆண்டில்தான் தமிழ்நாட்டில் இந்தத் துறையும் தொடங்கியது. சேலத்தில் இதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. கட்டணமில்லாத எண் 1064.

பேப்பரில் "ரசாயனம் தடவிய நோட்டுகளை வாங்கியபோது மறைந்திருந்த போலீசார் கையும் களவுமாகப் பிடித்தனர்" என்று இரண்டு வரியில் வந்துவிடுவதால், அதற்குப் பின்னால் நடப்பது பலருக்குத் தெரிவதில்லை. புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். யார், எந்த வேலைக்கு, எவ்வளவு, எந்த வார்த்தையில் கேட்டார் என்பதை விசாரித்து, உண்மை என்று பட்டால் வழக்குப் பதிவு செய்வார்கள். சம்பந்தமே இல்லாத வேறு துறைகளிலிருந்து இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சியாக வரவழைப்பார்கள். அவர்கள் முன்னிலையில் நோட்டுகளின் எண்களை ஒவ்வொன்றாக எழுதி, மேலே ஃபினாப்தலின் பொடியைத் தடவுவார்கள். வெறும் கண்ணுக்கு நோட்டில் ஒரு மாற்றமும் தெரியாது. அந்த நோட்டைத் தொட்ட விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். முதலில் அதைச் சாட்சிகளுக்குச் செய்து காட்டுவார்கள். பிறகு அதிகாரி பணத்தை வாங்கியதும் அவர் விரல்களையும், பணத்தைப் போட்ட சட்டைப் பையையும் அதே கரைசலில் நனைத்து, அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

புகார் கொடுத்தவருக்கு இதில் ஒரு கண்டிப்பு உண்டு. அதிகாரி மறுபடி கேட்காமல் பணத்தை நீட்டக் கூடாது. "அன்னைக்குச் சொன்னீங்களே சார்" என்று பேச்சைத் தொடங்கலாம், அவ்வளவுதான். விரல் சிவந்ததை மட்டும் வைத்து எந்தக் கோர்ட்டும் தண்டிப்பதில்லை. கேட்டதும் நிரூபணமாக வேண்டும், வாங்கியதும் நிரூபணமாக வேண்டும். 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு இதைத் திரும்பவும் உறுதிசெய்தது. புகார்தாரர் இறந்துபோனாலோ பிறழ்சாட்சியானாலோகூட, மற்ற சாட்சியங்களையும் சூழ்நிலைகளையும் வைத்துக் கேட்டதை நிரூபிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. சாட்சியை விலைபேசித் தப்பித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது கொஞ்சம் கசப்பான தீர்ப்பு.

ஆக, நம் அயோத்தியாப்பட்டணத்து அண்ணன் தம்பிக்கு இது உதவுமா? சர்வேயர் எதுவும் கேட்கவில்லை, அதனால் அவர் மேல் நேரடியாகப் பொறி வைக்க முடியாது. ஆனால் புரோக்கர் "சாருக்கு இவ்வளவு" என்று சொல்லியிருந்தால் நிலைமை வேறு. அதிகாரியைச் சரிக்கட்டுவதாகச் சொல்லிக் காசு வாங்கும் இடைத்தரகருக்கென்றே 2018 திருத்தத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். தண்டனை மூன்றிலிருந்து ஏழு ஆண்டு. ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு இது இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

இந்த வழிக்கும் விலை உண்டு, அதை மறைத்துவிட்டு யாரையும் அனுப்பக் கூடாது. உங்கள் கோப்பே வழக்கில் ஆவணமாகிவிடும். புகார் கொடுப்பதற்கு முன்பே எல்லாத் தாளுக்கும் நகல் எடுத்துவைக்காவிட்டால் பட்டா வேலை அங்கேயே நின்றுபோகும். வழக்கு விசாரணையை இரண்டு ஆண்டுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், சம்மன் வரும்போதெல்லாம் கோர்ட்டுக்குப் போய் நிற்க நீங்கள் தயாராக இருக்க வேண்டும். அதே ஆபீஸில் வருஷம் முழுவதும் வேலை இருப்பவர், உதாரணமாக ஒரு சிறு காண்டிராக்டரோ மனை வியாபாரியோ, இதில் இறங்கத் தயங்குவது எனக்குப் புரிகிறது. வாழ்நாளில் ஒரு தடவை தாலுகா ஆபீஸ் போகிறவர் தயங்க வேண்டியதில்லை. அவருக்கு இழப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

கேட்காமல் இழுத்தால்: பத்து ரூபாய் ஸ்டாம்பு

என் அனுபவத்தில் பெரும்பாலான லஞ்சம் கேட்கப்படுவதே இல்லை. கோப்பு அசையாமல் கிடக்கும். மற்றதை நாமே புரிந்துகொள்ள வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. இந்த மௌனத்தை உடைப்பதற்குத் தகவல் உரிமைச் சட்டத்தைவிட மலிவான கருவி இன்னும் வரவில்லை. 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, வெள்ளைத்தாளில் எழுதி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அந்தப் பத்து ரூபாயும் கிடையாது.

நாட்டிலேயே முதன்முதலில் தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997இல். விதிவிலக்குகளால் நிரம்பி வழிந்த அந்தச் சட்டத்தால் யாருக்கும் பெரிதாகப் பயன் இல்லை. 2005 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத்தில்தான் பல் முளைத்தது: 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் பொதுத் தகவல் அலுவலரின் சொந்தப் பையிலிருந்து நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

இந்த மனு லஞ்சத்துக்கு ஈடுகொடுக்குமா என்பதை டெல்லியில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பெய்சாகின், பின்டோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு அது. குடிசைப் பகுதி மக்கள் ரேஷன் கார்டுக்கு விண்ணப்பித்தார்கள். சிலர் விண்ணப்பத்தை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள், சிலருக்காக ஒரு தொண்டு நிறுவனம் பரிந்துரைக் கடிதம் கொடுத்தது, சிலர் விண்ணப்பத்தின் நிலையைக் கேட்டுத் தகவல் உரிமை மனு போட்டார்கள், சிலர் லஞ்சம் கொடுத்தார்கள். லஞ்சம் கொடுத்தவர்களுக்குத்தான் முதலில் கிடைத்தது. ஆனால் தகவல் உரிமை மனு போட்டவர்கள் அவர்களுக்கு அதிகம் பின்தங்கவில்லை. மற்ற இரு வகையினரும் காத்துக்கொண்டே இருந்தார்கள். பரிந்துரைக் கடிதத்தை நம்பி அரசியல்வாதி வீட்டுக்கு நடப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எல்லாம் கேள்வியை எழுதும் விதத்தில் இருக்கிறது. "என் பட்டாவை ஏன் தாமதிக்கிறீர்கள்?" என்று எழுதினால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். ஆவணத்தில் இருப்பதை மட்டும் கேட்க வேண்டும். என் விண்ணப்பம் வந்த நாளிலிருந்து இன்றுவரை எந்தெந்தப் பதவியில் இருப்பவரிடம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இருந்தது? இந்த வேலைக்குக் குடிமக்கள் சாசனத்தில் எத்தனை நாள் குறிக்கப்பட்டிருக்கிறது? என் விண்ணப்பத்துக்குப் பின்னால் வந்து எனக்கு முன்னால் முடிக்கப்பட்ட உட்பிரிவு விண்ணப்பங்களின் எண்களும் தேதிகளும் எவை? சர்வேயரின் பணி நாட்குறிப்பில் குறிப்பிட்ட இரண்டு மாதப் பக்கங்களின் நகல் வேண்டும். கோப்பை நேரில் பார்வையிட நாள் ஒதுக்க வேண்டும்.

மூன்றாவது கேள்விதான் குடைகிற கேள்வி. "வேலை ஜாஸ்தி" என்று சொன்னவர் பின்னால் வந்த கோப்பை முன்னால் முடித்திருந்தால், அதற்கான பதிலைத் தன் கையாலேயே எழுதித் தரவேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக ஒரு நாள் சர்வேயரே போன் செய்து, "நாளைக்கு வரட்டுங்களா?" என்று கேட்பதுதான் வழக்கமாக நடக்கும். பதில் வராமலே வேலை முடிந்துவிடும். அப்படி முடிந்துவிட்டால் மனுவை விட்டுவிடாதீர்கள், பதிலையும் வாங்கி வையுங்கள். தெருவில் அடுத்தவருக்கு ஆகும். பிறரின் பெயர், முகவரியைக் கேட்டுவிடாமல் எண், தேதி, பதவியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் தனிநபர் தகவல் விலக்கை விரிவாக்கி எழுதியிருக்கிறது. பெயர் கேட்பது மறுப்பதற்கு நாமே காரணம் எடுத்துக் கொடுப்பது போலாகிவிடும்.

பலவீனம் எங்கே என்றால், முப்பது நாளில் பதில் வராதபோது. அதே துறையின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே போய்விட்டால் காலம் ஓடும், அவசர வேலைக்கு ஆகாது. இன்னொரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். லஞ்ச ஒழிப்புத் துறைக்கே 2008இல் ஓர் அரசாணை போட்டுத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். ஊழல் குற்றச்சாட்டு பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று சட்டத்திலேயே இருப்பது ஆறுதல்.

திங்கட்கிழமையும் ஜமாபந்தியும்

திங்கட்கிழமை காலையில் சேலம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு நிமிடம் நின்று பார்த்தால் போதும், நிர்வாகம் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். மனுவோடு வருபவர்களின் பைகளைப் போலீஸ்காரர்கள் திறந்து பார்க்கிறார்கள், தண்ணீர் பாட்டிலை மோந்து பார்க்கிறார்கள். 2017இல் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸில் ஒரு குடும்பமே தீக்குளித்த பிறகு எல்லா ஊரிலும் இந்தச் சோதனை கடுமையாகிவிட்டது.

மனு கொடுத்தால் ரசீது எண் கிடைக்கும். அது நல்லது. கெட்டது என்னவென்றால், மனு கீழே இறங்கும் பாதை. கலெக்டர் ஆபீஸிலிருந்து வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வுக்கு, அங்கிருந்து தாசில்தாருக்கு, அங்கிருந்து யார் மேல் குறை சொன்னீர்களோ அவருக்கே "உரிய நடவடிக்கைக்காக" வந்து சேரும். அவர் எழுதும் பதில் "மனுதாரரின் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது". 1100 எண்ணுக்குப் போன் செய்தாலும் கதை ஏறக்குறைய இதுதான். ரேஷன், தெருவிளக்கு, ஓய்வூதியம் மாதிரி ஆள்மேல் குறையில்லாத விஷயங்களுக்கு இந்த மனு நன்றாக வேலை செய்கிறது. இழுத்தடிப்புக்கு இதைத் தனியாக நம்ப வேண்டாம். தகவல் உரிமைப் பதிலைக் கையில் வாங்கி, பின்னால் வந்த கோப்பு முன்னால் போனதைச் சிவப்பு மையில் கோடு போட்டு, அதோடு சேர்த்துக் கொடுத்தால் அதே மனு வேறு மாதிரி நடக்கும்.

ஜமாபந்தியை இப்போது பலரும் மறந்துவிட்டார்கள். வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூன் 30இல் முடிவதையொட்டி ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு தாலுகாவிலும் கிராமக் கணக்குகளை மேல் அதிகாரி உட்கார்ந்து சரிபார்ப்பார். வி.ஏ.ஓ.க்கள் அடங்கல், 'அ' பதிவேடு என்ற நிலக் கணக்குப் புத்தகங்களோடு எதிரே இருப்பார்கள், அங்கேயே மனுவும் வாங்குவார்கள். திங்கட்கிழமை மனுவில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு: குறை சொல்பவர், குறை சொல்லப்பட்டவர், கணக்குப் புத்தகம், மேல் அதிகாரி நான்கும் ஒரே கூடத்தில். பெயர்ப் பிழை, பட்டா மாறுதல் போன்றவற்றுக்கு இது மிகவும் தோது. ஆனால் மே, ஜூன் தவிர மற்ற மாதங்களில் இதற்காகக் காத்திருக்க முடியாது. 1792இல் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பாராமகாலுக்கு வந்து, இடையில் இருப்பவரைத் தவிர்த்துக் குடியானவன் கையிலேயே பட்டாவைக் கொடுக்கும் ரயத்துவாரி முறையை முயன்றது பழைய சேலம் மாவட்டத்தில்தான். இருநூறு வருஷம் கழித்து அதே பட்டாவுக்கு ஜெராக்ஸ் கடையில் ஓர் இடையாள் நிற்கிறார்.

லோக் ஆயுக்தா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2018இல்தான் இங்கே சட்டம் வந்தது; பெரிய இடத்து ஊழலுக்கான அமைப்பு, சர்வேயர் வராததற்கு அங்கே போவது வீண். ஹைகோர்ட்டில் ரிட் போட்டால், இன்ன காலத்துக்குள் மனுவைப் பரிசீலித்து முடிவெடுங்கள் என்று உத்தரவு கிடைக்கும். ஆனால் சேலம் மதுரைக் கிளைக்குள் வராது, சென்னைக்குத்தான் போக வேண்டும். வக்கீல் கட்டணத்தைக் கணக்குப் போட்டால் புரோக்கர் மலிவாகத் தெரிவார். நிலத்தின் மதிப்பு பெரிதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

நமக்கும் அதிகாரிக்கும் நடுவில் மேசையே இல்லாவிட்டால்

இதுவரை பார்த்தவை தனி ஆள் எடுக்கும் வழிகள். குடியிருப்போர் சங்கமாக எதைக் கேட்டுப் போராடுவது என்றால் என் பதில் வேறு. ராபர்ட் கிளிட்கார்ட் என்ற பொருளாதார அறிஞர் ஊழலுக்கு ஒரு சூத்திரம் சொன்னார்: ஏகபோகத்தோடு தன்னிச்சை அதிகாரத்தைக் கூட்டி, அதிலிருந்து பதில்சொல்லும் பொறுப்பைக் கழித்தால் வருவது ஊழல். பொறி வைப்பதும் தகவல் கேட்பதும் கடைசி உறுப்பை மட்டும் கூட்டுகின்றன. முதல் இரண்டையும் வெட்டியது என்று நான் நினைப்பது 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர் ஒற்றைச்சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றிக் கட்டணத்தைக் கட்டினால் அனுமதி உடனே வந்துவிடுகிறது, முன்கூட்டியே இடத்தைப் பார்க்க ஆள் வருவதில்லை. சூரமங்கலத்திலோ கொண்டலாம்பட்டியிலோ சின்ன வீடு கட்டுபவருக்கு "சைட் பாக்கணும்" என்ற வாக்கியத்தின் விலை பூஜ்யமாகிவிட்டது. உட்பிரிவு அளவைக்கு இப்படி ஒரு வழி வரும்வரை சர்வேயருக்காகத் தவம் கிடக்க வேண்டியதுதான்.

அதுவரைக்கும் கேட்க வேண்டியது, குறித்த நாளுக்குள் அரசு வேலை முடிவதை உரிமையாக்கும் சேவை உரிமைச் சட்டம். 2010இல் மத்தியப் பிரதேசம் தொடங்கிவைத்தது. பக்கத்தில் கர்நாடகத்தில் 2011இலிருந்து 'சகாலா' இருக்கிறது: குறித்த நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு 20 ரூபாய், 500 ரூபாய் வரை மனுதாரருக்கு. தொகை அற்பம்தான், ஆனால் தாமதத்துக்கு ஆளும் தேதியும் பதிவாகிவிடும். ஓசூரைத் தாண்டினால் இருக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு இத்தனை காலமாகத் தேர்தல் வாக்குறுதியாகவே வைத்திருப்பதற்கு எந்தக் கட்சியும் சரியான காரணம் சொன்னதில்லை.

மலையேறினால்

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போனால் மேலே சொன்ன வரிசை கலைந்துவிடும். ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால் கட்டட அனுமதிக்குக் கூடுதல் கையெழுத்துகள் தேவை. தன்னிச்சை அதிகாரம் அங்கே கீழே இருப்பதைவிட அதிகம். சேர்வராயன் மலைக்கிராமங்களில் இருக்கும் மலையாளிப் பழங்குடியினருக்குச் சாதிச் சான்றிதழ் தாசில்தார் கையில் இல்லை, ஆர்.டி.ஓ.தான் தரவேண்டும். அதற்கு மலை இறங்கி வரவேண்டும். பிள்ளைக்குக் காலேஜ் அட்மிஷன் தேதி நெருங்கும் நேரத்தில் முப்பது நாள் தகவல் மனு எதற்கு ஆகும்? அங்கே காலத்தை முன்னுக்குத் தள்ள வேண்டும்: பத்தாம் வகுப்பு முடித்த கையோடு விண்ணப்பம், இரண்டு மாதம் அசையாவிட்டால் அப்போதே தகவல் மனு.

வன உரிமைப் பட்டாவுக்கு மட்டும் சட்டமே வழியை மாற்றி வைத்திருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தில் முதல் முடிவெடுப்பது எந்த அதிகாரியும் இல்லை, கிராம சபை. தமிழ்நாட்டில் ஹைகோர்ட் தடையால் எட்டு வருஷம் பட்டா வழங்காமலே கிடந்தது; 2016இல் உச்ச நீதிமன்றம்தான் அதை நீக்கியது. கிராம சபையை ஊழலுக்கு மருந்தாகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. இந்தோனேசியாவில் 600க்கும் மேற்பட்ட கிராமங்களில் ரோடு வேலைகளை வைத்து பெஞ்சமின் ஓல்கன் செய்த ஆய்வில், அரசுத் தணிக்கை நிச்சயம் வரும் என்று முன்கூட்டியே சொன்ன இடங்களில் காணாமல்போன பணம் 8 சதவீதப் புள்ளி குறைந்தது. ஊர்க் கூட்டத்துக்கு மக்களை அதிகமாக அழைத்ததால் சராசரியில் பெரிய மாற்றம் இல்லை. ரோடு, பாலம் போன்ற வேலையில் என்ன ஜல்லி, எவ்வளவு தார் என்பது கூட்டத்தில் கைதூக்குபவருக்குத் தெரியாது. ஆனால் இந்தச் சரிவில் யார் மூன்று தலைமுறையாக மிளகும் காபியும் போட்டு உழைக்கிறார்கள் என்பது ஊருக்குத்தான் தெரியும், எந்த அலுவலருக்கும் தெரியாது. அதனால் ரோட்டுக்குத் தணிக்கை, நிலத்துக்குக் கிராம சபை என்று நான் பிரித்துக்கொள்வேன்.

நாகலூரிலோ மாரமங்கலத்திலோ இதைக் கையில் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது கூட்ட எண்ணிக்கை. வன உரிமை விதிகளின்படி உறுப்பினர்களில் பாதிப் பேர் வந்தாக வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். காபி பறிக்கும் சீசனில் கூட்டம் போட்டால் இந்தக் கணக்கு நிறையாது, கோட்ட அளவிலான குழு அதையே காரணமாகச் சொல்லித் திருப்பி அனுப்பும். தீர்மானம் எழுதியதும் அங்கேயே எல்லாரிடமும் கையெழுத்தோ கைரேகையோ வாங்கி, பக்க எண் போட்டு, கலைவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு மூன்று பேர் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் கேமரா வேலை செய்யும்.